"எனக்கு ஒன்றுமில்லை!"

கேள்வி: மனச்சிதைவு நோயுள்ள என் அண்ணன், "எனக்கு ஒன்றுமில்லை" என்று மாத்திரையைத் தூக்கி எறிகிறார். அதே நோயுள்ள சித்தி ஒழுங்காகச் சாப்பிடுகிறார். பெண்கள்தான் நோயை ஒப்புக்கொள்வார்களா?

பதில்: இரண்டு பேரை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பெண்களுக்கு நோயுணர்வு சற்றுக் கூடுதல். வேறு பலவற்றில் வேறுபாடே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 1973-இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், இந்நோயாளிகளிடம் அதிகம் தென்பட்ட அறிகுறி காதில் குரல் கேட்பதல்ல. தனக்கு நோயிருப்பதை உணராமைதான். வீட்டார் பிடிவாதம் என்று திட்டுவது பெரும்பாலும் நோயின் வேலை. அமெரிக்கச் சட்டப் பேராசிரியை எலின் சாக்ஸ் பல ஆண்டுகள் தன் நோயை மறுத்து, மருந்தை நிறுத்திப் பார்த்து, மீண்டும் மீண்டும் விழுந்தவர். 2007-இல் வந்த தன்வரலாற்றில் அதை ஒளிக்காமல் எழுதினார்.

ஆண், பெண் வேறுபாடு தெளிவாகத் தெரிவது நோய் தொடங்கும் வயதில். ஆண்களுக்குப் பெரும்பாலும் 20-களின் தொடக்கத்தில் வருகிறது. பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி. அதற்குள் படிப்பு, வேலை, கல்யாணம் முடிந்திருக்கலாம். கல்யாணமே சிலருக்கு வினையாகிவிடுவதும் உண்டு: சென்னையில் மனச்சிதைவு நோய்க்காக இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மணமுறிவுக்கு ஆளான நோயாளிப் பெண்களைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார்கள். அந்த நிலையில் ஒரு பெண் "நோயில்லை" என்றால், அது உணராமையா, பயமா?

அண்ணனிடம் வாதாட வேண்டாம். "தூக்கமில்லையே, அதற்காகவாவது டாக்டரைப் பார்ப்போம்" என்று தொடங்குங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.