கார்பீன்: ‘ஈன்’ படுத்தும் பாடு

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் நம் தமிழ்ப் பையன் ஒருவன், ஞாயிறுதோறும் வேதியியல் புத்தகத்துடன் என்னிடம் வருவான். சென்ற மாதம் தேர்வுத்தாளை நீட்டினான். கார்பீன் என்றால் என்ன என்ற கேள்விக்கு, “இரட்டைப் பிணைப்புள்ள கார்பன் சேர்மம்” என்று எழுதியிருந்தான். பூஜ்யம். “எத்தீன், புரொப்பீன் எல்லாம் அப்படித்தானே மாமா?” என்றான். நியாயமான கேள்வி.

குழப்பம் பெயரில் இருக்கிறது. டோரிங், வின்ஸ்டைன், உட்வர்ட் என்ற மூன்று வேதியியலாளர்கள், ஓர் இரவு சிகாகோவில் டாக்சியில் போகும்போது சேர்ந்து யோசித்து வைத்த பெயர் இது. இரட்டைப் பிணைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கார்பனுக்கு நான்கு கைகள் என்று சொல்லித்தான் நானும் பாடம் நடத்துவது வழக்கம். கார்பீனில் இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன, இரண்டு வெறுங்கை என்றேன். “அந்தக் கைகளின் எலக்ட்ரான்கள் எங்கே போயின?” என்று மடக்கிவிட்டான். என் உவமைதான் தவறு. எலக்ட்ரான்கள் எங்கும் போகவில்லை. கார்பனின் வெளிக்கூட்டில் சொந்தமாக நான்கு எலக்ட்ரான்கள். அவற்றில் இரண்டு பிணைப்புக்குப் போகின்றன. கூட்டாளி அணுக்கள் ஆளுக்கொன்று தருகின்றன. மீதி இரண்டு கார்பனிடமே பிணையாமல் இருக்கின்றன. ஆக மொத்தம் ஆறு. வேண்டியது எட்டு. மின்சுமையும் கிடையாது. (கார்பன் நேர்அயனிக்கும் ஆறுதான், ஆனால் அதற்கு மூன்று பிணைப்புகள், நேர்மின்சுமை உண்டு.) அந்த இரண்டு குறைவதால்தான் பெரும்பாலான கார்பீன்கள் பிறந்த நொடியிலேயே பக்கத்து மூலக்கூறைப் பற்றிக்கொள்கின்றன.

குளோரோஃபார்முடன் காரம் சேரும்போது நடப்பதைப் பாருங்கள். காரம் முதலில் ஹைட்ரஜனைப் புரோட்டானாக இழுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு குளோரின், குளோரைடு அயனியாகக் கழல்கிறது. மிஞ்சுவது ஒரு கார்பன், இரண்டு குளோரின்: டைகுளோரோகார்பீன். 1950-இல் ஜாக் ஹைன் இதற்குச் சான்று காட்டினார்.

கார்பீனைப் புட்டியில் அடைக்கவே முடியாது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1991-இல் அமெரிக்காவில் அர்டுவெங்கோ குழுவினர் ஒரு கார்பீனைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்கள். கார்பனின் இருபுறமும் நைட்ரஜன் நின்று எலக்ட்ரான் குறையை ஓரளவு ஈடுகட்டியது. பருத்த பக்கத்தொகுதிகள் வேலி போல மறைத்துக்கொண்டன.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பீனால் பாடத்தில் ரீமர்–டீமன் வினை வரும். அதில் கார்பீன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் பெரும்பாலும் குளோரோஃபார்ம் மட்டும்தான் அச்சாகியிருக்கும்.