எதைப் பார்க்க வைக்கப் போகிறாய்?

அன்புள்ள யாழினி,

உன் விளையாட்டின் டெமோவை ஆடிப் பார்த்தேன். கிணற்றுச் சுவரின் பாசி, ஈரத் தரையில் விழும் வெளிச்சம் என்று எங்கும் உன் உழைப்பு தெரிகிறது. ஆனால் எந்தக் கதவு திறக்கும், எது வெறும் சுவர் என்று பிடிபடவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. "நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகிவிடுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். ஆகாது. அந்தப் பணத்தைச் செலவழிக்காதே. ஆடுகிறவரை எதைப் பார்க்க வைக்க வேண்டும் என்று நீ இன்னும் முடிவு செய்யாததுதான் சிக்கல்.

லூகஸ் போப் 2018இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' ஆடியிருக்கிறாயா? காணாமல் போன வணிகக் கப்பல் ஒன்று 1807இல் ஆளில்லாமல் கரை திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராகப் போய், அதிலிருந்த 60 பேருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். பழைய மெக்கின்டோஷ் திரை மாதிரி, படம் முழுக்க இரண்டே நிறம். சாம்பல் நிறம்கூடக் கிடையாது; புள்ளிகளை நெருக்கியும் கலைத்தும்தான் நிழல். ஒவ்வொரு சாவும் உறைந்து நிற்கும் காட்சியாக வருகிறது. நாம் அதைச் சுற்றி நடந்து, போட்டிருக்கும் காலணி, பச்சை குத்திய கை, யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதையெல்லாம் உற்றுப் பார்க்கிறோம். உற்றுப் பார்ப்பதே ஆட்டம் என்பதால், பார்க்க வேண்டாததை அவர் வரையவே இல்லை.

அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைக் கவனி. மாடலின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளுக்குள் ஒரு தனி நிறம் கொடுத்து, இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் கோடு விழும்படி செய்தார். அதனால் இருட்டிலும் கயிறு வேறு, ஏணி வேறு என்று தெரிகிறது. அடுத்து புள்ளிகள் தொல்லை கொடுத்தன. அவை திரையோடு ஒட்டி நின்றதால், ஆடுகிறவர் தலையைத் திருப்பினால் சுவர் மட்டும் நகர்ந்தது, புள்ளி அங்கேயே நின்றது. முழுத்திரையில் பார்த்தால் கண் உறுத்தியது. கேமராவைச் சுற்றி ஒரு கோளம் இருப்பதாக வைத்துக்கொண்டு, புள்ளிகளை அதன் மேல் படியவைத்தார். இப்போது தலை திரும்பினால் சுவரோடு சேர்ந்து புள்ளியும் நகரும். ஆடுகிற யாருக்கும் இது தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு பாடும். நீயும் உன் காட்சியை நிறுத்திவைத்து ரசிக்காதே, ஓடவிட்டுப் பார்.

பார்வையை இழுக்க வேறு வழியும் உண்டு. 'செல்டா: தி விண்ட் வேக்கர்' விளையாட்டின் கார்ட்டூன் தோற்றத்தை நிண்டெண்டோ 2001இல் முதலில் காட்டியபோது, சிறுபிள்ளை விளையாட்டு என்று ரசிகர்கள் பலர் திட்டினார்கள். அதன் நாயகன் லிங்கின் பெரிய கண்கள் எதற்கு என்று ஆடும்போதுதான் புரியும். பக்கத்தில் முக்கியமான பொருள் இருந்தால் அவன் பார்வை அங்கே போகும். நம் பார்வையும் பின்னாலேயே போகும். அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

நிஜம்போல் வரையாத இந்த வழி செலவு குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1930களின் கார்ட்டூன் போலவே காகிதத்தில் கையால் வரைந்து 'கப்ஹெட்' செய்த மோல்டன்ஹாவர் சகோதரர்கள், அதை 2017இல் கொண்டுவருவதற்குள் வீட்டையே அடமானம் வைத்தார்கள். உன்னிடம் ஆள் இல்லை, காலமும் இல்லை. கையால் வரைகிற அனிமேஷன் பக்கம் இப்போது போகாதே.

முதலில் உன் நாயகியையும் எதிரிகளையும் முழுக்கக் கறுப்பாக்கு. வெறும் வடிவத்தை வைத்து யார் யார் என்று சொல்ல முடிகிறதா? 'டீம் ஃபோர்ட்ரஸ் 2'இன் ஒன்பது பேரையும் வால்வ் நிறுவனம் அப்படி, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படிதான் வடிவமைத்தது. அது கைகூடும்வரை நிறத்தைத் தொடாதே. பிறகு ஒரே ஓர் அறையை, மூன்று நிறத்துக்கு மேல் போகாமல் முடித்து, விளையாட்டே ஆடாத யாரிடமாவது கொடு. நீ வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண் எங்கே போகிறது என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்