வீட்டுத் தொழிலுக்கு சிஆர்எம் வேணுமா?



போன வருஷம் ஒரு எலெக்டிவ் பேப்பரில் "சிஆர்எம் என்றால் என்ன?" என்று இரண்டு மார்க் கேள்வி வந்தது. வாடிக்கையாளர் உறவு மேலாண்மை, அதாவது வாடிக்கையாளர்களோடு நடக்கும் பேச்சு, விற்பனை, சேவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிந்து வைக்கும் முறை என்று எழுதினேன். முழு மார்க். ஆனா அதோட அர்த்தம் எனக்கு அப்போ புரியல. அதே மாசம் எங்க வீட்டில்தான் புரிஞ்சது.

எங்க அம்மா சேலத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாங்க. ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், ஒரு நீள நோட்டு, ஒரு போன். இதுதான் மொத்தக் கம்பெனி.

ரொம்ப வருஷமா வர்ற ஒரு அக்கா, அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஆறு பிளவுஸ் கொடுத்தாங்க. அஞ்சு துணி நேரா வந்தது, நோட்டில் ஏறிடுச்சு. ஆறாவது ரிசப்ஷன் பிளவுஸ். அதை வாசலில் என் தம்பிகிட்ட கொடுத்துட்டு, விவரத்தை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜா அனுப்பினாங்க. அதுக்கு மேல இருபது முப்பது மெசேஜ் வந்து அது கீழே போயிடுச்சு. கல்யாணத்துக்கு முந்தின நாள் வாங்க வந்தப்போ, துணி வெட்டாம பையிலேயே இருக்கு. அம்மா ராத்திரி பூரா உட்கார்ந்து தைச்சாங்க. கை இறுக்கமா போச்சு. பொண்ணு ரிசப்ஷனுக்கு ரெடிமேட் பிளவுஸ்தான் போட்டாங்க. அம்மா கூலி வாங்கல. அந்த அக்கா சத்தம் போடவும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் வரல.

அம்மாவுக்குத் தையலில் குறை கிடையாது. குறை முழுக்க ஞாபகத்தில்தான். அதுக்குத்தான் சிஆர்எம்.

நோட்டு ஏன் பத்தல?

நோட்டில் ஆர்டர்கள் வந்த தேதி வரிசையில் இருக்கும். ஆனா நமக்கு வேணும்ங்கிறது கொடுக்க வேண்டிய தேதி வரிசை. இந்த ரெண்டும் ஒண்ணு இல்ல. வாட்ஸ்அப்பும் அப்படித்தான்: கடைசியா யார் மெசேஜ் போட்டாங்களோ அவங்க மேலே வருவாங்க. தினமும் மூணு தடவை கேட்கிறவங்க வேலை முதலில் முடியும். நம்மள நம்பி அமைதியா இருக்கிறவங்க கீழே போயிடுவாங்க. நல்ல வாடிக்கையாளரைத்தான் நாம முதலில் மறக்கிறோம்!

டேட்டாபேஸ் பாடத்தில் படிச்ச சார்ட்டிங்தான் இது. ஒரே தகவலை வேற வரிசையில் பார்க்க முடியணும். எவ்வளவு பெரிய சிஆர்எம் சாப்ட்வேரா இருந்தாலும் அடிப்படையில் மூணு கேள்விக்குத்தான் பதில் சொல்லுது:

1. இவங்க யார்?
2. இவங்க வேலை இப்போ எந்த நிலையில் இருக்கு?
3. அடுத்து நான் என்ன செய்யணும், எந்தத் தேதியில்?

சாப்ட்வேரில் வரும் வார்த்தைகளும் இவ்வளவுதான். விலை மட்டும் கேட்டுட்டுப் போனவங்க 'லீட்'. நம்மகிட்ட வாடிக்கையா வர்றவங்க 'கான்டாக்ட்'. ஒவ்வொரு ஆர்டரும் ஒரு 'டீல்'. துணி வந்தாச்சு, வெட்டியாச்சு, தைச்சாச்சு, கொடுத்தாச்சு என்று அது நகரும் பாதை 'பைப்லைன்'.

நான் செஞ்ச தப்பு

ஆர்வத்தில் ஒரு பெரிய சிஆர்எம்மில் கணக்கு ஆரம்பிச்சு, இருபது கட்டத்துக்கு மேல வச்சு பாரம் தயார் பண்ணேன். மின்னஞ்சல், கம்பெனி பேர், பதவி எல்லாம் அதில் இருந்தது. பிளவுஸ் தைக்க வர்றவங்களுக்கு எதுக்குப் பதவி? அம்மா ரெண்டு வாரம் பொறுத்தாங்க. அப்புறம், "இதை ரொப்புற நேரத்துல ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வச்சு முடிச்சிடுவேன்டா" என்று சொல்லிட்டு நோட்டை எடுத்துட்டாங்க.

ஒரு கையில் டேப், இன்னொரு கையில் சாக்பீஸோட நிக்கிறவங்கதான் நம்ம யூசர். ஒரு ஆர்டரைப் பதிய ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா அந்த சிஸ்டம் தோத்துடும்.

இப்போ நாங்க செய்றது

முதல் படி, வாட்ஸ்அப் பிசினஸ். 2018-ல் வந்த இலவச ஆப். இதில் ஒவ்வொரு சாட்டுக்கும் கலர் லேபிள் ஒட்டலாம். நாங்க வச்சது அஞ்சுதான்: விசாரிப்பு, துணி வந்தாச்சு, தையலில், ரெடி, பணம் பாக்கி. அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு, உதாரணமா லைனிங் வச்சா எவ்வளவு, ஆரி ஒர்க்குக்கு எத்தனை நாள் என்பதற்கு, 'குவிக் ரிப்ளை'யில் பதில் எழுதி வச்சிட்டோம்.

இரண்டாவது படி, ஒரு கூகுள் ஷீட். ஏழு காலம் மட்டும்: பேர், போன் நம்பர், என்ன வேலை, கொடுக்க வேண்டிய தேதி, நிலை, பாக்கிப் பணம், அடுத்து கூப்பிட வேண்டிய தேதி. கண்டிஷனல் பார்மேட்டிங் போட்டு, கொடுக்க இன்னும் மூணு நாளே இருந்தா அந்த வரி சிவப்பாகிற மாதிரி வச்சேன். காலையில் காபி குடிக்கும்போது அம்மா சிவப்பு வரிகளை மட்டும் பார்ப்பாங்க.

மூன்றாவது படிதான் முக்கியம், ஒரு விதி. துணி யார் கையில் வாங்கினாலும், வாய்ஸ் மெசேஜில் வந்தாலும், ஷீட்டில் ஏறாம பை அலமாரிக்குள் போகக் கூடாது. தம்பிக்கும் இதே விதி. இது இல்லாம எந்த சாப்ட்வேரும் உதவாது.

அப்போ நிஜ சிஆர்எம் எப்போ?

ஒருத்தரே எல்லாம் செய்ற வரைக்கும் ஷீட் போதும். உதவிக்கு ஆள் வந்து, யார் யார்கிட்ட என்ன பேசினாங்கன்னு குழப்பம் ஆரம்பிச்சா மாறலாம். ஜோஹோ சிஆர்எம் 2005-லிருந்து இருக்கு. மூன்று பேர் வரை இலவசமா பயன்படுத்த முடியும். சின்னத் தொழில்களுக்காகவே அதே ஜோஹோ 2020-ல் பிகின் என்று ஒன்று கொண்டு வந்தாங்க; அதில் ஆர்டர்களைக் கார்டு மாதிரி ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு இழுத்து விடலாம். ஏற்கனவே ஷீட் சுத்தமா இருந்தா, அதை சிஎஸ்வி பைலா மாத்தி அப்படியே ஏத்திக்கலாம். ஷீட்டே குழப்பமா இருந்தா அந்தக் குழப்பமும் சேர்ந்துதான் ஏறும்.

ஒரு எச்சரிக்கை

முதலில் உடம்பு அளவுகளையும் ஷீட்டில் போடலாம்னு நினைச்சேன். அம்மா ஒத்துக்கல. "அதெல்லாம் நம்பி சொல்றாங்க. உன் லேப்டாப்புல எதுக்கு?" என்று கேட்டாங்க. 2023-ல் நம்ம நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் படிக்காமலே அம்மா அதோட சாரத்தைச் சொல்லிட்டாங்க: வேலைக்குத் தேவையானதை மட்டும் வாங்கு, தேவையில்லாதவங்க கண்ணில் காட்டாதே. அளவு இன்னும் அம்மா நோட்டில்தான் இருக்கு. ஷீட் இருக்கும் கூகுள் கணக்குக்கு டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போட்டிருக்கோம்.

ஆடி மாசம் கத்துக்கொடுத்தது

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, தையலும் குறைவு. இந்த வருஷம் அந்த நேரத்தில் அம்மா, "அடுத்து கூப்பிட வேண்டிய தேதி" காலத்தைப் பார்த்து ஒவ்வொருத்தரா போன் பண்ணாங்க. விற்கிறதுக்காக இல்ல. போன தடவை தைச்சது சரியா இருந்துச்சான்னு கேட்டாங்க. ஆவணிக் கல்யாணத்துக்குத் துணி எடுத்தவங்க தானா சொன்னாங்க. சிஆர்எம்மில் நடுவில் இருக்கிற 'உறவு'ங்கிற வார்த்தை அப்போதான் எனக்குப் புரிஞ்சது.

அந்த லிஸ்ட்டில் நான் சேர்க்காத ஒரு பேர் இருந்தது. ரிசப்ஷன் பிளவுஸ் அக்கா. அம்மாவே தட்டுத் தடுமாறி டைப் பண்ணியிருக்காங்க. கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டாங்க. அவங்க இன்னும் துணி கொண்டு வரல. பத்து நிமிஷம் பேசினாங்க, அதுவே போதும்னு அம்மா சொல்றாங்க.

உங்க வீட்டிலும் ஊறுகாய், மசாலாப் பொடி, டியூஷன், மெஹந்தி என்று யாராவது ஏதாவது தொழில் செய்துகிட்டுதான் இருப்பாங்க. இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் அவங்க பக்கத்தில் உட்காருங்க. முதலில் லேப்டாப்பைத் திறக்காதீங்க. "எந்த ஆர்டரை மறந்தீங்க?" என்று கேளுங்க. அந்தப் பதிலில் இருந்து உங்க ஏழு காலத்தையும் முடிவு பண்ணுங்க.