நெற்றியிலிருந்து ஒரு மூக்கு: களிமண்ணில் ஓர் அறிவியல் பாடம்

விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்குக் களிமண் புதிதல்ல. செராமிக் தொழிற்கூடங்கள் நிறைந்த ஊர் இது. அகல்விளக்கும் பொம்மையும் உருவாவதைப் பார்த்தே வளர்கிறார்கள். அவர்களிடம் இப்படிக் கேட்டு வகுப்பைத் தொடங்கலாம்: “ஈரப் பொம்மையின் மூக்கு பிய்ந்துபோனால் கொஞ்சம் களிமண்ணை அப்பிச் சரிசெய்துவிடலாம். மனிதரின் மூக்கு போய்விட்டால்?”

“வேறு இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டலாம்” என்று யாராவது சொல்வார்கள். “வெட்டி எடுத்த தோலுக்கு இரத்தம் எங்கிருந்து வரும்?” என்று அடுத்துக் கேளுங்கள். பத்தாம் வகுப்பின் சுற்றோட்டப் பாடத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைப்பது அரிது.

வண்டிக்காரரின் கதை

மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர் கவாஸ்ஜி. 1792இல் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு, புனே அருகே ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் அதை நேரில் பார்த்தனர். லண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழ் 1794 அக்டோபரில் இச்செய்தியைப் படத்துடன் வெளியிட்டது. சிகிச்சை செய்தவரின் பெயர் அதில் இல்லை. செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு மட்டுமே உள்ளது. மண்ணோடு புழங்கும் மக்களிடையே இப்படியொரு கைத்திறன் இருந்தது என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

அவர் செய்த முறை இதுதான். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் மூக்கின் வடிவில் பொருத்தினார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு வரைந்தார். கோட்டின்படி தோலை அறுத்தபோது, இரு கண்களுக்கு நடுவே ஒரு சிறு பாலத்தை மட்டும் அறுக்காமல் விட்டார். தோலைத் திருகிக் கீழே கொண்டுவந்து பொருத்தி, காசுக்கட்டி தடவிய துணியால் ஒட்டினார். சுமார் 25 நாள் கழித்து, தோல் நன்கு பொருந்திய பின் அந்தப் பாலத்தை வெட்டினார்.

இம்முறையைப் படித்தறிந்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1814இல் லண்டனில் இதைச் செய்து வெற்றிகண்டு, 1816இல் நூலாக வெளியிட்டார். ‘இந்திய முறை’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. இதற்கு வெகுகாலம் முன்பே, கன்னத் தோலைக் கொண்டு மூக்கு அமைப்பதைச் சுஸ்ருத சம்ஹிதை விளக்கியுள்ளது. இலையால் அளவெடுப்பதும், மூச்சுவிடக் குழாய் வைப்பதும் அதில் உண்டு.

பாலத்தின் வேலை

அந்தப் பாலத்தின் வழியாகத்தான் தமனி இரத்தம் மடலுக்குள் பாய்கிறது. மூன்று வாரங்களுக்குள் மூக்குப் பகுதியிலிருந்து புதிய இரத்த நுண்குழாய்கள் மடலுக்குள் வளர்ந்துவிடும். அதன் பிறகு பாலம் தேவையில்லை.

இன்று இம்முறை அதிகம் பயன்படுவது தோல் புற்றுநோய் சிகிச்சையில்தான். வெயில் அதிகம் படும் உறுப்பு மூக்கு. புற்றுப் பகுதியை அகற்றி, விளிம்புகளில் புற்றுசெல்கள் இல்லை என்று நுண்ணோக்கியில் உறுதிசெய்த பின் மூக்கைச் சீரமைக்கிறார்கள். குழி சிறிதானால் மூக்கின் பக்கத்துத் தோலையே நகர்த்தி மூடலாம். மூக்கின் ஓரமானால் கன்னத் தோல் உதவும். பெரிதானால் நெற்றி மடல். உருக்குலையாமல் தாங்க, தேவைப்பட்டால் காதின் குருத்தெலும்பையும் வைப்பார்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு களிமண் முகமும், ஒரு பக்கம் மட்டும் சாயமிட்ட துணியும் கொடுங்கள். சாயப் பக்கம் வெளியே தெரியுமாறு நெற்றியில் துணியை விரிக்கட்டும்.

1. மூக்கின் மேல் தாளைப் பொருத்தி, விரித்து, அளவெடுக்கட்டும். வளைந்த பரப்பை மூடக் கண்ணால் மதிப்பிட்டதைவிடக் கூடுதல் தாள் வேண்டும் என்பதைக் காண்பார்கள்.

2. அந்த வடிவைத் துணியில் வரைந்து, பாலம் விட்டு வெட்டட்டும். நேராக மடித்தால் சாயப் பக்கம் உள்ளே போய்விடும். திருகினால்தான் வெளியே வரும். திருகும்போது நீளம் குறைவதையும் கவனிப்பார்கள். “பாலம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?” என்ற கேள்வி தானாக எழும்.

3. பாலத்தை முதல் நாளே வெட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு குழுவும் காரணத்துடன் எழுதட்டும்.

ஆசிரியர் கவனத்துக்கு

முகத்தில் தழும்போ பிறவிக் குறையோ உள்ள மாணவர் வகுப்பில் இருக்கலாம். அவரை எடுத்துக்காட்டாகச் சுட்டாதீர்கள். கேலிக்கு இடம் தராமல் முன்கூட்டியே வகுப்பைப் பக்குவப்படுத்துங்கள்.

பிறவியிலேயே நிறமி குறைந்த வெண்தோல் பிள்ளைகளுக்குத் தோல் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம். காலை வழிபாட்டிலும் விளையாட்டு வேளையிலும் அவர்களை நிழலில் நிற்க விடுங்கள். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அணிய அனுமதியுங்கள். இதைச் சலுகை என்று எண்ண வேண்டாம், இது பாதுகாப்பு.

வாரக்கணக்கில் ஆறாத புண், அடிக்கடி இரத்தம் கசியும் பரு, மெல்ல வளரும் கருமையான அல்லது பளபளப்பான கட்டி ஆகியவை மூக்கிலோ முகத்திலோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாணவர்கள் இதை வீட்டில் தாத்தா பாட்டியிடம் சொல்லட்டும். புற்று சிறிதாக இருக்கும்போதே அகற்றினால் நெற்றி மடலே தேவைப்படாமல் போகலாம்.