ரமணாசிரமம் தானாக நடக்கிறதா?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு வந்து போகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இது: "இங்கே யாரும் எதையும் நடத்துவதில்லை, எல்லாம் பகவான் ரமணர் அருளால் தானாக நடக்கிறது." அருளை நம்புவது அவரவர் மனம். ஆனால் நிர்வாகம் இல்லை என்பது சரியல்ல. அப்படிச் சொல்லும்போது அங்கே பல தலைமுறைகளாக உழைத்தவர்கள் மறைந்துபோகிறார்கள்.

நம்பிக்கை: ரமணர் திட்டமிட்டு ஆசிரமத்தை நிறுவினார்.

உண்மை: 1896 செப்டம்பர் 1 அன்று ஊருக்கு வந்தவர், அடுத்த 26 ஆண்டுகளைப் பெரும்பாலும் கோயிலிலும், மலைமேல் விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலுமாகக் கழித்தார். 1922 மே மாதம் தாய் அழகம்மாள் மறைந்து, மலையின் தென்புற அடிவாரத்தில் அடக்கமானார். சமாதிக்கு இறங்கி வந்துகொண்டிருந்த ரமணர், அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே தங்கிவிட்டார். தொடக்கம் ஓர் ஓலைக் கொட்டகைதான்.

நம்பிக்கை: ஞானிக்கு வேலை விவரங்களில் அக்கறை கிடையாது.

உண்மை: விடியும் முன்பே எழுந்து அடுப்படிக்குப் போய்க் காய் நறுக்கியவர் ரமணர். அங்கே சமைத்த பெண்கள் பலர் அவரிடமே கைப்பக்குவம் கற்றதாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது, பந்தியில் தமக்கென்று தனியாக எதுவும் வைக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். வரும் கடிதங்கள் அவர் கைக்குப் போகும்; எழுதிய பதில்களும் அவர் பார்வைக்கு வந்த பிறகே தபாலில் சேரும். அச்சுப்படிகளைத் திருத்துவார், கிழிந்த புத்தகங்களுக்குத் தாமே பைண்டிங் போடுவார்.

கோசாலை கட்டிய கதை இதற்கு நல்ல சாட்சி. நிர்வாகம் பார்த்த தம்பி நிரஞ்சனானந்தர் (எல்லாருக்கும் 'சின்னசாமி') சிறிய தொழுவம் போதும் என்றார். கையில் பணம் இல்லாத நேரம். அவர் கவலையிலும் நியாயம் உண்டு. ரமணரோ பசு லட்சுமிக்குப் பெரிய கோசாலை வேண்டும் என்று கட்டட வேலையைக் கவனித்த அண்ணாமலை சுவாமியிடம் சொல்லிவிட்டார். அண்ணாமலை சுவாமி வேலை நிலவரத்தை ரமணரிடம் வந்து சொல்வார், அடுத்து செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள்வார். கொத்து வேலையை அவர் கற்றுக்கொண்டதே இப்படிச் செய்து செய்துதான். பின்னால் உக்கிராண அறை, சாப்பாட்டுக் கூடம், வேத பாடசாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

நம்பிக்கை: அமைதி தவழும் இடத்தில் சச்சரவுக்கு இடமில்லை.

உண்மை: முன்பு நிர்வாகம் பார்த்த ஒருவரே ஆசிரமத்தின் மீது உரிமை கோரி வழக்குப் போட்டார். 1930களில் ரமணரே வாக்குமூலம் கொடுக்க வேண்டியதாயிற்று.

நம்பிக்கை: நிறுவனர் போன பிறகு இன்னொரு குரு உட்கார்ந்தால்தான் மடம் நிலைக்கும்.

உண்மை: இந்த வரலாற்றின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ரமணர் தமக்குப் பின் குரு என்று யாரையும் காட்டவில்லை. நிர்வாகத்தை மட்டும் 1938-இல் உயில் எழுதி முடிவு செய்தார்: தமக்குப் பின் தம்பி, அவருக்குப் பின் தம்பி மகன் வெங்கட்ராமன், அதன் பிறகு அவர்கள் வழியினர். எதிலும் கையெழுத்துப் போடாதவர் என்பதால், அந்தப் பத்திரத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார். சாவியும் கணக்கும் யார் கையில் என்பது எழுத்தில் தெளிவாயிற்று. உபதேச ஆசனத்துக்கு வாரிசு இல்லாமல் போயிற்று. இரண்டையும் அவர் பிரித்து வைத்ததால்தான், பின்னால் யார் நிர்வாகத்துக்கு வந்தாலும் ஆசிரமத்தின் முகம் மாறவில்லை.

அதற்காக எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 1950 ஏப்ரல் 14-இல் ரமணர் மறைந்ததும் கூட்டம் கலைந்தது, வருமானமும் சுருங்கியது. 1953-இல் சின்னசாமியும் காலமானார். பொறுப்பேற்ற வெங்கட்ராமன் புதிய சாமியார் யாரையும் தேடிக் கூட்டிவரவில்லை. இருந்த நூல்களையும் நித்திய வழிபாட்டையும் அன்னதானத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டார். 1964 ஜனவரியில் ஆர்தர் ஆஸ்போர்னை ஆசிரியராகக் கொண்டு 'தி மவுன்டன் பாத்' என்ற ஆங்கில இதழ் தொடங்கியது. நேரில் ரமணரைப் பார்த்திராத தலைமுறைக்கு அவர் சொன்னதைக் கொண்டுசேர்க்கும் வேலையை அது ஏற்றுக்கொண்டது.