ஓட்டுப் பட்டையை நம்பலாமா?

கேள்வி: உள்ளூர் அரசியலை வலைப்பதிவில் எழுதுகிறேன். பத்துப் பேர்கூடப் படிப்பதில்லை. செய்தி பகிரும் தளங்களில் போட்டு, நண்பர்களை ஓட்டுப் போடச் சொன்னால் கூட்டம் வருமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: வரும். வந்த வேகத்தில் போய்விடும். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியையும், பிறகு இன்ட்லி என்று பெயர் மாறிய தமிழிஷ் தளத்தையும் பழைய பதிவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது பதிவுக்கு அடியில், படிப்பவர் ஓட்டுப் போட ஓட்டுப் பட்டை தொங்கும். கல்யாண மொய் மாதிரி, நீ எனக்குப் போட்டால் நான் உனக்குப் போடுவேன். போட்டவர் படித்தாரா என்பது வேறு கதை! அரசியல் பதிவுக்குக் காரமாகத் தலைப்பு வைத்தால் ஆள் சேரும்; பின்னூட்டத்தில் அடிதடியும் சேரும்.

இன்று ரெடிட்டில் ஆள் திரட்டி ஓட்டுப் போடுவது விதிமீறல். கணக்கையே முடக்கலாம். தன் சுட்டியை மட்டும் கொண்டுபோய்க் கொட்டுகிறவரை அங்கே யாரும் சீந்துவதில்லை. நாலு நாள் அடுத்தவர் பேச்சிலும் கலந்துகொள்ளுங்கள், அப்புறம் உங்களுடையதைக் காட்டலாம்.

சரக்குக்கு உங்களுக்கென்ன பஞ்சம்? நகராட்சியாக இருந்த அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் வரி என்ன ஆனது, வடிகால் என்ன ஆனது? கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தேதியோடும் படத்தோடும் எழுதி, முதலில் உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். டெல்லி அரசியலை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.