உங்கள் பார் எவ்வளவு?

கேள்வி: ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பழகுகிறேன். கூட ஆடுபவர்கள் அடிக்கும் தூரம் எனக்கு வரவில்லை, மனம் விட்டுப்போகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், கோவை)

பதில்: தூரத்தை விட்டுத்தள்ளுங்கள். 2007 மாஸ்டர்ஸ் போட்டியில் ஸாக் ஜான்சன் ஆகஸ்டா மைதானத்தின் பார்-5 குழிகளில் (ஐந்து அடியில் முடிக்க வகுத்தவை) ஒன்றில்கூட இரண்டாவது அடியில் கிரீனை எட்ட முயலவில்லை. தனக்குக் கைவந்த வெட்ஜ் தூரத்தில் பந்தை நிறுத்தி, மூன்றாவது அடியைக் கொடியருகே போட்டார். நான்கு நாளில் அந்தக் குழிகளில் மட்டும் பாருக்கு 11 குறைவு! டைகர் உட்ஸை இரண்டு அடியில் முந்திப் பட்டம் வென்றார். எனக்கு மிகப் பிடித்த வெற்றி இது.

நீங்களும் அவரைப் போல உங்களுக்குக் கைவந்த அளவில் ஆடுங்கள். ஸ்கோர் அட்டையில் பார் 72 என்று இருந்தால், குழிக்கு ஓர் அடி கூட்டி 90-ஐ உங்கள் பாராக வையுங்கள். பார்-4 குழி உங்களுக்கு ஐந்து அடி. குறுக்கே தண்ணீர் கிடந்தால் தாண்டத் துடிக்க வேண்டாம். ஏழாம் நம்பர் அயர்னை எடுத்துப் பந்தை இக்கரையிலேயே போடுங்கள். அடுத்த அடி நிதானமாக வரும். பயிற்சி நேரத்தில் பாதியைச் சிப்பிங்குக்கும் பட்டிங்குக்கும் கொடுங்கள். முன்னால் உள்ள டீயிலிருந்து ஆடவும் தயங்காதீர்கள்.